இடக்கையர் தைத்த ஏழு தொப்பிகள்

பை தைக்கும் கடையில் பை அக்காவுக்குத் தனி மூலை உண்டு. மரியாதைக்காகக் கொடுத்தது இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவளின் விலாவில் மூன்று முறை முழங்கையால் இடித்துவிட்டாள். மற்றவர்களுக்கெல்லாம் நூல் வலப்பக்கம் பாய்ந்தால் இவளுக்கு மட்டும் இடப்பக்கம் பாயும். "உன் கையில ஒரு போர்டு மாட்டணும்டி, ஜாக்கிரதைன்னு" என்று சொல்லி முதலாளியம்மா அவளுடைய முக்காலியைத் தூக்கி ஜன்னலுக்குக் கீழே போட்டார். பதினாறு வருடமாக அந்த மூலைதான்.

படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. யாராவது கேட்டால் "நின்னுபோச்சு" என்பாள், பஸ் நின்றுபோனதைச் சொல்வதுபோல. பேச்சு அவ்வளவுதான் வரும். ஆனால் கண் சும்மா இருக்காது. வாடிக்கையாளர் பையை மேஜையில் வைப்பதற்குள் அவர் எந்தத் தோளில் மாட்டுகிறவர், ஜிப்பைப் பொறுமையாக இழுப்பவரா, பல்லைக் கடித்துக்கொண்டு பிய்ப்பவரா என்பதெல்லாம் தெரிந்துவிடும். தெரிந்ததைச் சொல்லமாட்டாள். தைத்துக் கொடுப்பாள்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் கம்பிக்கும் கிரீசுக்கும் நடுவே தொங்குகிறவர், ஓய்வு நேரத்தில் பழைய ஜெர்மன் ராணுவத் தொப்பிகள் சேர்ப்பார். கேட்பவர்கள் ஏதோ அருங்காட்சியகம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். மொத்தம் நான்கு தொப்பி, அலமாரியின் மேல் தட்டில். மூன்று இரும்பு, ஒன்று தோல். அவரைப் போலத் தொப்பி சேர்ப்பவர்களுக்கென்று இருந்த சங்கத்தில் இரும்புத் தொப்பிக்கு ‘வாளி’ என்று பெயர், கவிழ்த்து வைத்த வாளி மாதிரி இருப்பதால். அதற்கும் முந்தையது, கறுப்பு வார்னிஷ் அடித்த தோலில் உச்சியில் பித்தளைக் கூர் வைத்தது. அது ‘கொம்பு’. வாளி எல்லாரிடமும் உண்டு. கொம்பு வைத்திருப்பவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரலாம்.

மெக்கானிக்கிடம் இருந்த ஒரே கொம்பு, அவருக்குக் கல்யாணம் செய்து வைத்த கொம்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதன் தாடை வார் அறுந்துபோய், அதை எடுத்துக்கொண்டு பைக் கடைக்கு வந்தார். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டாள். வார் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க அவர் நாலு தடவை கடைக்கு வந்தார். ஐந்தாவது தடவை, "வார் நல்லா இருக்கு, நீதான் எப்படி இருக்கேன்னு கேட்க வந்திருக்கார்டி" என்று முதலாளியம்மா எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்.

சங்கத்தில் தொப்பியின் அருமையைத் தீர்மானிப்பவர் லென்ஸ். கடிகாரம் பழுது பார்க்கிறவர். கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடிக் குப்பியைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் தொப்பியின் உள்ளே மூக்கை விட்டு ஒரு இழுப்பு. பிறகு நகத்தால் ஒரு தட்டு. பிறகு உள்ளே குத்தியிருக்கும் வருடம், தலை அளவு, படைப்பிரிவு. கடைசியாக ஓட்டை எண்ணிக்கை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ராஜ்ஜியத்துக்கும் தொப்பியின் முகப்பில் ஒவ்வொரு சின்னம். சின்னத்தைப் பிடிக்க இரண்டு ஓட்டை. நாலு ஓட்டை இருந்தால் சாதாரண சின்னத்தைக் கழற்றிவிட்டு அரிய சின்னத்தை யாரோ மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். "ரெண்டு இருந்தா தொப்பி, நாலு இருந்தா புல்லாங்குழல்" என்பார் லென்ஸ். எல்லாம் முடிந்ததும் பத்துக்கு இத்தனை என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பார். அவர் எழுதினால் எழுதியதுதான். மெக்கானிக்கின் கொம்புக்கு ஆறு. ‘தாடை வார் மட்டும் புதிது. மற்றபடி யார் கையும் படாதது’ என்று அட்டையில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் லென்ஸ் ஒரு புது விஷயத்தைக் கண்டுபிடித்தார். கொம்புத் தொப்பிக்கு முன்னால் வெயிலை மறைக்க ஒரு நாக்கு, பின்னால் கழுத்தை மறைக்க ஒரு நாக்கு, இரண்டையும் உடம்போடு சேர்த்துத் தைத்திருக்கும். எல்லாத் தொப்பியிலும் தையல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்க, சில தொப்பிகளில் மட்டும் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்படியானால் தைத்தவர் இடது கைக்காரர். ஒரு தொழிற்சாலையில் ஒரே ஒரு ஆள். அவருக்கு ‘இடக்கையர்’ என்று பெயர் வைத்தார். அவருடைய தையல் இருந்தால் ஒன்பது மதிப்பெண். அதுவரை ஐந்து தொப்பி அகப்பட்டிருந்தது.

பை அக்கா இதையெல்லாம் காற்றுவாக்கில் கேட்டிருக்கிறாள். கூட்டம் இவர்கள் வீட்டில் நடக்கும்போது டீத் தட்டோடு வருவாள், "எடுத்துக்குங்க" என்பாள், போய்விடுவாள். அந்த ஐந்தில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அவள் இடது கைக்காரி என்பதும் சங்கத்தில் யாருக்கும் தெரியாது. தட்டைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மெக்கானிக் ஒரு வாரமாகவே தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தார். பல் டாக்டர், சங்கத்தில் மூத்தவர், தன்னிடம் இருந்த இடக்கையர் தொப்பியைக் கொடுத்துவிட்டு மெக்கானிக்கின் கொம்பை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். அதே படைப்பிரிவின் இன்னொரு தொப்பி டாக்டரிடம் இருந்தது. ஜோடி சேர வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"ஆறைக் கொடுத்து ஒன்பதை வாங்கறேன். யாருக்குக் கிடைக்கும்?" என்றார் மெக்கானிக், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

"அதைக் கொடுத்துடுவீங்களா?" என்றாள் அவள்.

"எதை?"

"ஒண்ணுமில்ல." அலமாரியைப் பார்த்தாள். அவள் தைத்த வார் பன்னிரண்டு வருடத்தில் கொஞ்சமும் தளரவில்லை. "பொத்தான் மாறிப்போச்சு, பாருங்க."

டாக்டர் வந்தார். தொப்பியை ஒரு துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். கூடவே லென்ஸ்.

"குழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றீங்களே டாக்டர்" என்றார் மெக்கானிக்.

"குழந்தைன்னா அழும் தம்பி. என்கிட்ட வர்றதெல்லாம் அழுதுட்டேதான் வரும். இது ஒண்ணுதான் பேசாம வருது."

தொப்பியை மேஜை நடுவில் வைத்தார்கள். மெக்கானிக்கின் தொப்பியையும் இறக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். லென்ஸ் குப்பியைக் கண்ணில் சொருகிக்கொண்டார். பை அக்கா டீத் தட்டோடு வந்தபோது இடக்கையரின் வாழ்க்கை வரலாறு நடந்துகொண்டிருந்தது.

"வயசானவர் அண்ணே. கண்ணு மங்கல். தையல் பாருங்க, எவ்வளவு நெருக்கம்! நல்லாத் தெரியறவன் இவ்வளவு நெருக்கமாப் போடமாட்டான்" என்றார் லென்ஸ்.

"கல்யாணம் ஆகாதவர்னு நினைக்கிறேன்" என்றார் டாக்டர். "வீட்ல ஆள் இருந்தா நேரத்துக்குப் போகணும்னு ஒரு அவசரம் இருக்கும். இதுல அவசரமே இல்லை."

"ஆனா அஞ்சு தொப்பியிலயும் வேற வேற வருஷம் குத்தியிருக்கே?" என்றார் மெக்கானிக். "நீங்க சில மாசம்தான் வேலை பார்த்தார்னு சொன்னீங்க."

லென்ஸ் அசரவில்லை. "நடுநடுவே லீவு போட்டுட்டுப் போயிருப்பார்."

"உடம்புக்கு முடியாம இருந்திருக்கும்" என்றார் டாக்டர், உண்மையான வருத்தத்தோடு.

"எடுத்துக்குங்க" என்றாள் பை அக்கா. தட்டு அப்படியே நின்றது.

தையல் நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் கண் மங்கல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையைச் சுழற்றிச் சுழற்றி அடிப்பார்கள். அதனால் முதலாளியம்மா கடையில் எல்லாத் தையலும் நெருக்கமாகத்தான் போட வேண்டும். பின் நாக்கில் ஒரு இடத்தில் இரண்டு தையல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அன்றைக்குப் பக்கத்துக் கடையில் பட்டாசு மாதிரி டயர் வெடித்தது. கை ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது. அவளுக்கு அந்தச் சத்தம்கூட இப்போது காதில் கேட்டது.

கல்யாணத்துக்கு முன்னால், கடையில் சேர்ந்த இரண்டாவது வருடம், பழைய சாமான் வியாபாரி ஒருவர் ஒவ்வொன்றாக இந்த மாதிரித் தொப்பிகளைக் கொண்டுவந்தார். நாக்குப் பிய்ந்து தொங்கும். "நாடகத்துக்கும்மா. பழசு மாதிரியே தெரியணும்" என்றார். அவளும் பழைய ஓட்டை வழியாகவே குத்தூசியை விட்டு, நூலுக்கு மெழுகு போட்டு, மேலே மை தடவிக் கொடுத்தாள். மாதம் ஒன்று என்று ஏழு. அப்புறம் அந்த ஆள் வரவே இல்லை. மெக்கானிக் தன் கொம்போடு வந்தபோதுதான் இவை நாடகத் தொப்பி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அவளுக்கு யோசிக்க வேறு விஷயம் வந்துவிட்டது.

தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளரை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். மெக்கானிக் எழுந்து வந்தார்.

"என்ன?"

"என்னங்க, அது நான் தைச்சது."

"எது?"

"இடக்கையர் நாந்தான்."

மெக்கானிக் கையில் பாதி பிஸ்கட் இருந்தது. அதைப் பார்த்தார். அவளுடைய இடது கையைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக ஒரே மேஜையில் பக்கத்தில் உட்கார்ந்து அந்த முழங்கையால் இடி வாங்கிச் சாப்பிடுகிறவர். அது இடது கை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்த மாதிரி இருந்தது.

"நிச்சயமா?"

"வலது காதுப் பக்கம் நாக்கு மடியற இடத்துல ரெண்டு தையலைக் கிளப்பிப் பார்த்தா ஊதா நூல் இருக்கும். கறுப்பு தீர்ந்துபோச்சு. ஸ்கூல் பை நூல் போட்டு மை தடவினேன்."

மெக்கானிக் பிஸ்கட்டை முழுசாக வாயில் போட்டு மென்றார். யோசிக்க நேரம் வேண்டும்போதெல்லாம் அப்படித்தான். "சரி. நீ ஒண்ணும் பேச வேண்டாம். உனக்கு அது கஷ்டம், தெரியும். மனசு மாறிப்போச்சுன்னு நானே சொல்லிடறேன். டாக்டர் தொப்பியை டாக்டர் எடுத்துட்டுப் போகட்டும். விஷயம் முடிஞ்சுது."

அவளுக்கு உயிர் வந்தது. நாலு பேர் நடுவில் பேசுவது என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கதவு ஓரம் நின்றுகொண்டாள்.

மெக்கானிக்குக் கேபிள் இழுக்க வரும், பொய் சொல்ல வராது. "டாக்டர், நான் என்ன நினைச்சேன்னா, எனக்கு வந்து, இந்தத் தொப்பியோட நிறம்..."

"கறுப்பு தம்பி. உங்களுதும் கறுப்புதான்."

"அதான். ஒரே கறுப்பு. ரெண்டும் கறுப்பா இருக்கறதால..."

"அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்றார் லென்ஸ்.

டாக்டரின் முகம் சின்னதாகிவிட்டது. "வேண்டாம்னா வேண்டாம் தம்பி. நான் தப்பா நினைக்கமாட்டேன். ஆனா ஒண்ணு. இது ஒன்பது. அடுத்த வாரம் சங்கத்துப் புத்தகத்துக்கு லென்ஸ் படம் எடுக்கறார். இடக்கையரைப் பத்தி நாலு பக்கம் எழுதியாச்சு. அதுக்கப்புறம் நீங்க கேட்டாலும் கொடுக்க மனசு வராது."

"நாலு இல்ல டாக்டர், ஆறு பக்கம்" என்றார் லென்ஸ். "கடைசிப் பத்தியை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. போருக்குப் போனார், திரும்பி வரலைன்னு முடிச்சிருக்கேன். போன இடத்துல பாவம், ஒரு கை..."

"அவர் சாகல" என்றாள் பை அக்கா.

மூன்று பேரும் திரும்பினார்கள். டீயைத் தவிர வேறு எதையும் இந்த வீட்டில் அவள் வாயால் டாக்டரும் லென்ஸும் கேட்டதில்லை. டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க தங்கச்சி?"

"இடக்கையர் சாகல. போருக்கும் போகல." அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து இடது கையை மேஜைமேல் வைத்தாள். விரல் நுனிகளில் குத்தூசித் தழும்பு. "கல்யாணமும் ஆயிடுச்சு."

அவள் தையல் பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தாள். "கிளப்பட்டுமா?" என்று டாக்டரைத்தான் கேட்டாள். அது அவருடைய தொப்பி.

டாக்டர் லென்ஸைப் பார்த்தார். லென்ஸ் கூரையைப் பார்த்தார். கடைசியில் டாக்டர், "பல்லா என்ன, பயப்பட! கிளப்புங்க" என்றார்.

வலது காதுப் பக்கம், நாக்கு மடியும் இடம். ஊசி நுனியால் ஒரு தையலை ஒரு நெல்லளவு தூக்கினாள். லென்ஸ் குனிந்தார். குப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக் குனிந்தார். அவர் கழுத்துச் சிவந்துபோனது.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

"ஊதா."

"நூறு வருஷத்துக்கு முன்னால ஊதா நூல் இருந்திருக்கலாம் இல்ல?"

"நைலான் டாக்டர்" என்றார் லென்ஸ், தீனமான குரலில். "பளபளன்னு இருக்கு. நைலான்."

முதலில் வெடித்தது டாக்டர்தான். சிரிப்பு அவருக்குத் தோளிலிருந்து வரும். தோள் குலுங்கி, நாற்காலி குலுங்கி, டீ தளும்பியது. "கண்ணு மங்கலாம்! கல்யாணம் ஆகாதவராம்! நமக்கு அவர் கையால டீ வேற! நான் எத்தனை தடவை சர்க்கரை போதலைன்னு சொல்லியிருக்கேன்!"

லென்ஸ் சிரிக்கவில்லை. ஆறு பக்கம் எழுதியவருக்குச் சிரிப்பு எப்படி வரும்! முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அண்ணி, இதை நீங்க முன்னாலயே சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நான் இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றாள் அவள். "உங்க ஆறு பக்கத்துல அவரைச் சாகடிச்சது நான் இல்ல."

அது அவளையும் மீறி வந்துவிட்டது. டாக்டருக்கு இருமல் வந்து முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

லென்ஸ் கொஞ்ச நேரம் தொப்பியையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மொத்தம் எத்தனை தைச்சீங்க?" என்றார்.

"ஏழு."

"ஏழா? அஞ்சுதானே வந்திருக்கு?" நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப இன்னும் ரெண்டு எங்கேயோ இருக்கு! மொத்தமே ஏழுதானா? நல்லா ஞாபகம் இருக்கா அண்ணி? எண்ணிக்கை உறுதியா?"

"மறுபடியும் ஒன்பது போட்டுடுவான் போல இருக்கே" என்றார் டாக்டர்.

போடவில்லை. லென்ஸ் நேர்மையான ஆள். அங்கேயே டாக்டரின் அட்டையை வாங்கி ஒன்பதை அடித்து ஐந்து என்று எழுதினார். எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதி நாலு பேருக்கும் தானே போன் செய்து சொல்லிவிடுவதாகச் சொன்னார். நாளைக்குப் பைக் கடைக்கு வந்து அவள் தைப்பதை ஒரு மணி நேரம் பார்க்கலாமா என்று கேட்டார். முதலாளியம்மாவிடம் கேட்க வேண்டும் என்றாள். டாக்டர் தொப்பியைத் துண்டில் சுற்றினார். வந்தபோது அணைத்திருந்த அதே மாதிரிதான் அணைத்துக்கொண்டார்.

"மாத்தறது இருக்கட்டும் தம்பி. இதை நான் யாருக்கும் கொடுக்கறதா இல்ல" என்றார் வாசலில். "தைச்சவங்க கையால டீ குடிச்ச ஆளு உலகத்துல எவன் இருக்கான்?"

அவர்கள் போன பிறகு மெக்கானிக் தன் கொம்பை எடுத்து அலமாரியில் வைக்கப்போனார். வைக்கவில்லை. கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.

"நல்லவேளை" என்றார். "போயிருக்கும் இது."

"ம்."

"ஏழுன்னு சொன்னியே. இதுல நீ தைச்சது வார் மட்டும்தானே?"

அவள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "முழுசாத் தைச்சது ஏழு" என்றாள்.

மெக்கானிக் ஜன்னலுக்குப் போனார். தொப்பியின் முதுகில் மேலிருந்து கீழே இறங்கும் பித்தளைப் பட்டை, பின் நாக்கைத் தொடும் இடத்தில் எப்போதும் நிழலாக இருக்கும். பார்க்கிற எல்லாரும் தொப்பியைக் கவிழ்த்து உள்ளே குத்தியிருப்பதைத்தான் பார்ப்பார்கள், லென்ஸும் அப்படித்தான். அவர் வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நீண்ட வரிசையாகத் தையல் ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. பட்டைக்குக் கீழே சட்டென்று எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணினார். ஆறு. பிறகு மறுபடி பழையபடி சாய்ந்து போனது.

"இது எப்ப?"

"வார் தைக்கக் கொண்டாந்தீங்களே. அன்னைக்கு."

"நான் இதைக் கேட்கலையே."

"கேட்கல. தையல் விட்டிருந்தது. அப்படியே கொடுக்க மனசு வரல."

"இதுக்குக் கூலிகூட வாங்கலையே நீ."

அவள் டம்ளர்களைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தபோது மெக்கானிக் மேஜையில் உட்கார்ந்து, லென்ஸ் எழுதிய அட்டையை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். ‘யார் கையும் படாதது’ என்ற வரியை ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார். அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘பின்பக்கம் ஆறு தையல், இடக்கையர்’ என்று எழுதி ஊதி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு லென்ஸ் பார்த்தா ஆறு மார்க்கை நாலாக்கிடுவான்" என்றார்.

"ஆக்கட்டும்."

"பன்னெண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்து, தொப்பியைத் தன் பக்கம் இழுத்து, வாரை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"அஞ்சு தடவை வந்தீங்க. அஞ்சு தடவையும் வார் நல்லா இருக்கான்னுதானே கேட்டீங்க" என்றாள்.